கடற்கரை இரசிகனின் தெரிவு: 1978ஆம் ஆண்டுத் தமிழ்ப் படங்கள்



ஆண்டு முடியும்போது வணிகன் தன் பேரேட்டைப் புரட்டுகிறான். கமக்காரன் களத்து நெல்லை அளந்து பார்க்கிறான். சினிமா இரசிகனுக்கும் அப்படியொரு கணக்கு உண்டு. அவ்வாண்டின் படங்களுள் எது முதலாவது, எது இரண்டாவது, எதை மறந்துவிடலாம் என்று அவன் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறான். அந்தத் தீர்ப்புக்குப் பதக்கமும் இல்லை, பரிசுப் பணமும் இல்லை. ஆயினும் அது அற்பமானதன்று. தன் காசைக் கொடுத்துச் சீட்டு வாங்கி, இரண்டரை மணி நேரத்தைச் செலவிட்டவனின் தீர்ப்பு அது.

கல்முனைக் கரையோரத்து இரசிகன் ஒருவன் அத்தகைய கணக்கொன்றை எழுத உட்காருகிறான் என்று வைத்துக்கொள்வோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கித் தொடரும் ஊர்கள் அவனுடைய உலகம். கிழக்கே கடல்; மேற்கே வயல். மருதமுனையில் தறி, கரையில் தோணியும் வலையும், தெருவெங்கும் கடைகள். தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் நெருங்கி வாழும் இவ்வூர்களுக்கிடையே பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழூர்களும் கலந்து கிடக்கின்றன. சினிமாவை விரும்பாத பெரியோர்கள் இங்கே எக்காலத்திலும் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் படாமல் படமாளிகைக்குச் சென்ற வாலிபர்களும் எக்காலத்திலும் இருந்தார்கள்.

இந்த இரசிகன் எடுத்துக்கொள்ளும் ஆண்டு 1978. அப்போது இலங்கையில் தொலைக்காட்சி இல்லை. அது 1979இல்தான் வந்தது. படங்களின் இறக்குமதியும் விநியோகமும் 1972 முதல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தன. சென்னையில் வெளியான படம் உடனே இங்கு வந்துவிடுவதில்லை. பாட்டு முதலில் வரும். படம் பின்னர் வரும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வர்த்தக சேவையில் பாடலைக் கேட்டுக் காட்சியை மனத்தில் அமைத்துக்கொண்ட இரசிகன், பிறகு திரையில் கண்டதைத் தன் கற்பனையோடு ஒப்பிட்டுப் பார்த்தான். ஆகவே 1978ஆம் ஆண்டுப் படங்களின் பட்டியலை அவன் 1978இலேயே எழுதி முடித்திருக்க இயலாது. ஆண்டுகள் சில கடந்த பின்னரே அந்தக் கணக்கு நிறைவுபெறும்.

ஆனால், இக்கரையோரம் 1978ஐ நினைவுகூர்வது சினிமாவைக் கொண்டன்று. அவ்வாண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு கிழக்குக் கரையைச் சூறாவளி தாக்கியது. தொள்ளாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் சேதமுற்றன. தலைமுறைகளாக வளர்த்த தென்னைகள் ஓரிரவில் சாய்ந்தன. கூரையிழந்தவன் முன்னே எந்தப் படத்தைச் சிறந்ததென்று நிறுத்துவது? இந்தக் கேள்வி இரசிகனின் அளவுகோலைக் கடுமையாக்குகிறது. பொழுதைப் போக்கியது எது என்று மட்டும் அவனால் கேட்க முடியாது. மனிதனை மதித்தது எது என்றும் அவன் கேட்டாக வேண்டும்.

அந்த அளவுகோலோடு பார்க்கையில், முதலிடம் 1978 ஆகஸ்ட் 15ஆம் திகதி வெளியான ‘முள்ளும் மலரும்’ படத்துக்கே உரியது. உமா சந்திரனின் நாவலைத் தழுவி ஜே. மகேந்திரன் நெறிப்படுத்திய முதற்படம் இது. மலைப்பிரதேச மின்நிலையமொன்றில் இழுவைப் பொறியை இயக்கும் தொழிலாளி காளி. அவனுக்குத் தங்கை வள்ளிதான் உலகம். புதிதாக வரும் பொறியியலாளருக்கும் அவனுக்கும் மோதல் எழுகிறது. அண்ணன் தங்கைப் பாசம் தமிழ்ப்படத்துக்குப் புதிதன்று. புதுமை எங்கே இருக்கிறதென்றால், காளி நல்லவனுமல்லன், கெட்டவனுமல்லன் என்பதில் இருக்கிறது. கோபக்காரன், வறட்டு இறுமாப்புக் கொண்டவன், விபத்திலே கையை இழந்த பின்னும் வளைந்து கொடுக்காதவன். இறுதியில் தங்கையின் திருமணத்துக்கு இசைகிறான். அப்போதும் மாப்பிள்ளையைத் தனக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்கவில்லை. ரஜினிகாந்த் இப்பாத்திரத்தை ஏற்ற விதம் அவருடைய நடிப்பின் உச்சங்களுள் ஒன்று. வசனத்தால் சொல்ல வேண்டியதை மகேந்திரன் மௌனத்தால் சொன்னார். இளையராஜாவின் இசை அந்த மௌனத்துக்கு இடம் விட்டு நின்றது.

இப்படத்தில் கிழக்கிலங்கை இரசிகன் பெருமை கொள்ளத்தக்க செய்தியொன்றும் உண்டு. அதிலே ஒரு வருத்தமும் கலந்திருக்கிறது. ஒளிப்பதிவு செய்தவர் பாலு மகேந்திரா. கல்முனைக்கு வடக்கே, அதே கரையில், மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்தவர். புனே திரைப்படக் கல்லூரியில் பயின்று, கேரளத்துப் படங்களில் பெயர் பெற்று, அதன் பின்னரே தமிழ்ப்படத்துக்கு வந்தார். மலைச்சாரலின் பனியையும் காலை வெயிலையும் உள்ளவாறே பிடித்த அந்தக் கண்கள், வாவியின் நீரையும் தென்னையின் நிழலையும் பார்த்து வளர்ந்தவை. அத்தகைய ஒருவர் தம் தொழிலைத் தேடிக் கடல் கடக்க வேண்டியிருந்தது. பிறந்த மண்ணில் அவருக்கு வேலை கொடுக்கும் அளவுக்குத் தமிழ்ச் சினிமா ஊன்றியிருக்கவில்லை.

இரண்டாமிடம் ‘அவள் அப்படித்தான்’. 1978 அக்டோபர் 30ஆம் திகதி தீபாவளியை ஒட்டி வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். நெறியாளர் ருத்ரய்யா, எழுத்துப் பணியில் வண்ணநிலவனும் பங்குகொண்டார். விளம்பர நிறுவனத்தில் பணிபுரியும் மஞ்சு என்னும் பெண்ணை, பெண்கள் பற்றி ஆவணப்படம் எடுக்கும் நல்லெண்ணக்காரன் ஒருவனும், பெண்ணை இழிவாய்ப் பார்க்கும் மேலாளன் ஒருவனும் தத்தம் வழியில் அறிய முயல்கிறார்கள். இருவருமே அவளை அறியவில்லை. தொடக்கத்தில் இப்படம் கூட்டத்தை ஈர்க்கவில்லை. கல்முனைத் தெருவில் மஞ்சுவைப் போன்ற பெண்ணைக் காண்பது அரிதே. ஆனால், நல்லெண்ணம் கொண்டவனும் பெண்ணைத் தன் கருத்துக்கு உதாரணமாக மட்டுமே பார்க்கக்கூடும் என்னும் உண்மை சென்னைக்கு மட்டும் சொந்தமானதன்று. வீட்டுப் பெண்களின் விருப்பத்தைக் கேளாமலே அவர்களுக்காக முடிவு செய்பவர்கள் எவ்வூரிலும் உண்டு.

மூன்றாமிடத்தில்தான் சிக்கல் எழுகிறது. அங்கே இரசிகன் வைப்பது ‘வாடைக்காற்று’. செங்கை ஆழியானின் நாவலை அடியொற்றிப் பிரேம்நாத் மொறாயஸ் நெறிப்படுத்திய இலங்கைத் தமிழ்ப்படம். 1978இலேயே திரைக்கு வந்தது. வட இலங்கைக் கடற்கரை மீனவரின் வாழ்வே அதன் பொருள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைப்பவனுக்கு இந்தத் தலைப்பே உறவுக்காரனின் குரலாக ஒலிக்கும். வாடை வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும், தோணி கரையேறும், அடுப்பு ஓயும். திரையிலே மீனவன் பேசும் தமிழ் சென்னைத் தமிழன்று, இலங்கைத் தமிழ். அந்த ஒன்றே பலருக்கு முதலிடம் கொடுக்கப் போதுமான காரணம்.

அப்படியாயின் ஏன் மூன்றாமிடம்? நம்முடைய படம் என்பதற்காக மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவது அப்படத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது. குறைந்த பணமும் குறைந்த வசதியும் கொண்டு எடுக்கப்பட்ட படத்தில் அந்தக் குறைகளின் தடம் தெரியவே செய்யும். அதனை ஒப்புக்கொண்ட பிறகும் அது பட்டியலில் நிற்கிறதென்றால், அது தன் காலிலே நிற்கிறது. சலுகையால் வந்த முதலிடத்தைவிட, உரிமையால் வந்த மூன்றாமிடம் மேலானது.

நான்காவதாகப் பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’. கவிதை எழுதும் ஏழை இளைஞன், ரயிலின் கடைசிப் பெட்டியில் எழுதியனுப்பும் செய்திக்காகக் காதலி காத்திருக்கிறாள். இரும்புப்பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுவதால், கல்முனை இரசிகனுக்கு ரயிலே ஒரு தூரதேசத்துப் பொருள்தான். ஆயினும் ஊர்க்கட்டுப்பாட்டுக்கும் மனித மனத்துக்கும் இடையிலான போரை அவன் நன்கறிவான்.

விடப்பட்டவற்றையும் சொல்ல வேண்டும். ‘சிகப்பு ரோஜாக்கள்’ திறமையாகப் பின்னப்பட்ட படம். ஆனால் அச்சம் தீர்ந்ததும் அதுவும் தீர்ந்துவிடுகிறது. இந்திய-இலங்கைக் கூட்டுத் தயாரிப்பான ‘பைலட் பிரேம்நாத்’ படத்தில் சிவாஜி கணேசனும் மாலினி பொன்சேகாவும் இணைந்து நடித்தனர். கடல் கடந்த அந்தக் கூட்டுறவு வரவேற்கத்தக்கது. எனினும் இலங்கையின் அழகைக் காட்டிய அளவுக்கு இலங்கை மனிதரை அது காட்டவில்லை. தோட்டத் தொழிலாளரின் தலைவரான வி. பி. கணேசனின் ‘நான் உங்கள் தோழன்’ அவ்வாண்டின் மற்றோர் இலங்கைத் தமிழ்ப்படம். அதன் நோக்கம் பாராட்டுக்குரியது.

பட்டியலை எழுதி முடித்துப் பார்க்கையில் ஒரு வெற்றிடம் தெரிகிறது. மலைத் தொழிலாளி இருக்கிறான். நகரத்துப் பெண் இருக்கிறாள். வடகரை மீனவன் இருக்கிறான். தென்னாட்டுக் கிராமம் இருக்கிறது. வாப்பா என்றும் உம்மா என்றும் அழைக்கும் குடும்பம் இல்லை. முஸ்லிம் பேச்சு இலங்கைத் திரையில் ஒலிக்காமலில்லை; வானொலி நாடகத்திலிருந்து பிறந்த ‘கோமாளிகள்’ 1976இல் திரைப்படமானபோது, எஸ். ராமதாஸ் ஏற்ற மரைக்கார் பாத்திரம் மக்களைச் சிரிக்க வைத்தது. சிரிப்பு நல்லதே. ஆனால் ஒரு சமூகத்தின் பேச்சு சிரிப்புக்காக மட்டும் திரையேறினால், அச்சமூகத்தின் துக்கம் எங்கே பேசும்? சூறாவளிக்கு மறுநாள் சாய்ந்த தென்னைகளுக்கிடையே நின்ற நெசவாளியின் கதையை எடுக்க அன்று ஒரு கமரா வரவில்லை.

இந்தக் கணக்கை இன்று எழுதிவைப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இலங்கையில் எடுக்கப்பட்ட பழைய தமிழ்ப்படங்கள் பலவற்றின் பிரதிகள் இப்போது கிடைப்பது அரிது. மகேந்திரன், பாலு மகேந்திரா, ருத்ரய்யா, செங்கை ஆழியான் ஆகியோரும் மறைந்துவிட்டனர். சென்னைப் படங்களைத் தேடி எடுத்துப் பார்க்கலாம். நம் படங்களிற் பல, பார்த்தவர்களின் நினைவிலேதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கண்ட மூத்தோர் கரையோரத்து வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் படத்தை எங்கே பார்த்தார்கள், எது நெஞ்சில் நின்றது, ஏன் நின்றது என்று இளையோர் அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். நாளை இக்கரையிலிருந்து கமராவைத் தூக்கப் போகும் பிள்ளைக்கு அந்தக் குறிப்புகள் உதவும்.