படைத்துறையை ஆண்ட சட்டத்தரணி

(சட்டத்தரணிகளும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



சட்டம் கற்றவன் அரசியலிற் புகுந்தால் அவனிடம் மக்கள் எதிர்பார்க்க வேண்டியது யாது? அதிகாரம் கையோங்கி நிற்கும் வேளையில், "இதனை எந்தச் சட்டத்தின்படி செய்கின்றோம்?" என்று கேட்கும் துணிவையே எதிர்பார்க்க வேண்டும். அத்துணிவு நிலைத்தபோது விளைந்த நன்மையையும், அது தளர்ந்தபோது விளைந்த கேட்டையும் ஒரே மனிதருடைய வாழ்விற் காணலாம். அவர்தாம் அமெரிக்கச் சட்டத்தரணி ஹென்றி ஸ்ரிம்சன்.

1867 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிற் பிறந்த ஸ்ரிம்சன், யேல், ஹாவார்ட் சர்வகலாசாலைகளிற் பயின்றவர். சொந்தத் தொழிலிற் பெரும்பொருள் ஈட்டக்கூடியவராயிருந்தும், 1906 இல் அரசாங்க வழக்குத் தொடுநர் பதவியை ஏற்றார். அக்காலத்திற் பெருஞ் சீனிக் கம்பனியொன்று, துறைமுகத் தராசுகளில் இரகசியப் பொறி வைத்து, இறக்குமதிச் சீனியின் நிறையைக் குறைத்துக் காட்டித் தீர்வையை ஏய்த்து வந்தது. ஸ்ரிம்சன் அதனை நீதிமன்றில் நிறுத்தினார். கம்பனி 20 இலட்சம் டொலருக்கு மேல் திருப்பிக் கட்ட நேர்ந்தது. கள்ளத் தராசின் கொடுமையைக் கமக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1910 இல் நியூயோர்க் மாநில ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றார். தோல்வி கண்டு அவர் ஒதுங்கவில்லை. 1911 முதல் 1913 வரை யுத்த மந்திரியாயிருந்தார். முதலாம் மகாயுத்தத்தில், ஐம்பது வயதிற் பீரங்கிப்படை அதிகாரியாகப் பிரான்சுக்குச் சென்றார். பின்னர் பிலிப்பைன்ஸ் தீவுகளின் மகாதேசாதிபதியாகவும், 1929 முதல் 1933 வரை வெளிநாட்டு மந்திரியாகவும் கடமையாற்றினார். 1940 இல், அவருக்கு 72 வயதாயிருந்தபோது, ஜனாதிபதி றூஸ்வெல்ட் எதிர்க்கட்சியைச் சேர்ந்த அவரையே மீண்டும் யுத்த மந்திரியாக்கினார்.

1944 இல் நாஜித் தலைவர்களை என்செய்வது என்ற கேள்வி எழுந்தது. விசாரணையின்றியே சுட்டுவிடலாம் என்றார் நிதி மந்திரி மோகெந்தோ. பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சிலும் அப்போது அக்கருத்தினராகவே இருந்தார். ஸ்ரிம்சன் இணங்கவில்லை. குற்றச்சாட்டை எடுத்துரைத்து, எதிர்வாதத்தையும் கேட்டே தண்டிக்க வேண்டும் என வாதாடினார். 1945 நவம்பரில் நூரம்பேர்க் விசாரணை ஆரம்பமாயிற்று. அடுத்த ஆண்டு 22 பேருக்குத் தீர்ப்பளிக்கப்பட்டது. 12 பேருக்கு மரண தண்டனை. 3 பேருக்கு விடுதலை. அது வெறுங் கண்துடைப்பன்று என்பதற்கு அம்மூவரின் விடுதலையே சாட்சி.

அணுகுண்டுத் திட்டமும் அவர் பொறுப்பிலேயே நடந்தது. பழம்பதியாகிய கியோட்டோவை இலக்குப் பட்டியலிலிருந்து நீக்குவித்தவர் அவரே. ஆயினும் ஹிரோஷிமாவும் நாகசாக்கியும் அழிவதை அவர் தடுத்தாரல்லர்.

அவருடைய பெயரிற் படிந்த மற்றொரு கறையையும் மறைத்தல் ஆகாது. யப்பானுடன் போர் மூண்டபின், மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வமிசத்தவரை அகற்ற வேண்டும் எனப் படைத் தளபதி கோரினார். அவ்வாறு செய்தல் அரசியலமைப்பில் பெரும் பிளவை உண்டாக்கும் என ஸ்ரிம்சனே தம் நாட்குறிப்பில் எழுதினார். எழுதியவர் பின்பு இணங்கினார்! 1942 பெப்ரவரி 19 ஆம் திகதி ஜனாதிபதி கட்டளையிற் கையொப்பமிட்டார். ஏறக்குறைய 1,20,000 மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இருபங்கினர் அமெரிக்க மண்ணிற் பிறந்த பிரசைகள். எவர்மீதும் தனித்தனிக் குற்றச்சாட்டு இல்லை, விசாரணையும் இல்லை. அவர்களுட் பலர் கமக்காரர். விளைந்த பயிரை நிலத்தில் விட்டுக் கையிற் கொண்டதே சொத்தாகப் புறப்பட்டனர். 1944 இல் உயர்நீதிமன்றமும் ஆறுக்கு மூன்றாய் இச்செயலை ஆதரித்தது. 1988 இல், 46 ஆண்டுகள் சென்றபின், அமெரிக்க அரசாங்கம் மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்கச் சட்டமியற்றியது. இறந்தோருக்கு அம்மன்னிப்பு எட்டுமா?

பகைவனுக்கும் விசாரணை வேண்டும் என்று நின்ற அதே மனிதர், தம் நாட்டுப் பிரசைக்கு அது மறுக்கப்பட்டபோது இணங்கிவிட்டார். சட்டத்தை அறியாமையால் அன்று. அறிந்ததை உரிய வேளையில் உறுதியாகச் சொல்லாமையாலேயே இக்கேடு நேர்ந்தது.

சட்டத்தரணி நண்பர்களே, மனச்சாட்சி நாட்குறிப்பில் அடங்கிவிட்டால் அதனால் எவருக்குப் பயன்? அதனை மந்திரிசபையிற் சொல்லுங்கள், மன்றிற் சொல்லுங்கள். கமக்காரப் பெருமக்களே, வாக்குக் கேட்டு வருபவன் எத்தனை வழக்கு வென்றான் என்று பார்க்காதீர்கள். ஆளுவோர் சட்டத்தை மீறத் துணியும் நாளில் எழுந்து நின்று மறுப்பானா என்று கேளுங்கள். அதற்கு நேரான விடை தருபவனுக்கே உங்கள் வாக்கை அளியுங்கள்.