ஓடத் தொடங்கிய இடம் எது?



உலகின் தலைசிறந்த வீராங்கனை யார் என்று கேட்டீர்கள். 23 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற செரீனா என்றார் ஒருவர். 1984இல் நூறில் ஒரு நொடியில் ஒலிம்பிக் பதக்கத்தை இழந்த பி.டி. உஷா என்றார் இன்னொருவர். பட்டத்தையும் நொடியையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. நான் கேட்பது வேறு: அவர்கள் ஓடத் தொடங்கிய இடம் எது?

புதுக்கோட்டை கதக்குறிச்சியின் செங்கல் சூளைத் தொழிலாளர் மகள், தலித் பெண் சாந்தி. 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காட்டிப் பறித்தார்கள். 2009இல் அதே 800 மீட்டரில் உலகப் பட்டம் வென்ற காஸ்டர் செமன்யாவைச் சோதித்தபோது தென்னாப்பிரிக்கா அவர் பக்கம் நின்றது. பதக்கம் அவரிடமே இருந்தது. சாந்தியின் பக்கம் இந்திய விளையாட்டு நிர்வாகம் அப்படி நிற்கவில்லை.

நான் திருச்சுழிப் பக்கத்துச் சேரிப் பெண். வறண்ட கண்மாய்தான் எங்கள் மைதானம். ஊர்த் தெருவில் ஓடக்கூடாது என்றார்கள். கருவேல முள்ளுக்குள் வெறுங்காலோடு ஓடினோம். என்னைவிட வேகமாக ஓடியவள் என் அக்கா. எட்டாம் வகுப்போடு மில்லுக்குப் போனாள். அவள் வேகத்தை எந்தக் கடிகாரமும் குறிக்கவில்லை.

ஒப்பிடுங்கள், தோழர்களே. அவளையும் சேர்த்து ஒப்பிடுங்கள். கிராமசபையில் மைதானம் கேளுங்கள். அதில் சேரிப் பிள்ளைகளும் ஓடலாமா என்பதையும் அங்கேயே கேளுங்கள்.