இசைத்தட்டு மீட்டுத் தந்த இசை

பிரிட்டிஷ் இசை என்றவுடன் நம்மில் பலருக்கு எல்கர் என்ற ஒரு பெயர் நினைவுக்கு வரும். சற்றுக் கேட்டுப் பழகியவர்கள் வான் வில்லியம்ஸ், பிரிட்டன் என்னும் பெயர்களையும் சேர்த்துக்கொள்வர். அப்பெயர்களுக்குப் பின்வரிசையில் நின்றுவிட்ட சிலரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவர்களுள் ஒருவர் நம் தில்லி வானொலி நிலையத்தில் உத்தியோகம் பார்த்தவர்.

ஜான் ஃபவுல்ட்ஸ் 1880-இல் மான்செஸ்டரில் பிறந்தார். தந்தை ஹாலே இசைக்குழுவில் பாஸூன் வாசித்தவர். மகனும் 1900-இல் அதே குழுவில் செலோ வாசிக்கச் சேர்ந்தார். முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக அவர் அமைத்த மாபெரும் இரங்கல் இசை 1923-இல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அரங்கேறி, 1926 வரை ஆண்டுதோறும் இசைக்கப்பெற்றுப் பின் கைவிடப்பட்டது. அவருடைய துணைவியார் மாட் மக்கார்த்தி வயலின் வித்துவாம்சினி. இளமையிலேயே இந்தியா வந்து நம் சங்கீதத்தைப் பயின்றவர். அத்தொடர்பினால் ஃபவுல்ட்ஸுக்கு நம் 72 மேளகர்த்தாக்களின் அமைப்பு அறிமுகமாயிற்று. அவற்றிலிருந்து ஸ்வரவரிசைகளை எடுத்துக்கொண்டு பியானோவுக்கென்றே சில உருப்படிகளும் செய்தார்.

1935-இல் இந்தியாவுக்கு வந்தார். 1937 முதல் தில்லி வானொலியில் மேனாட்டு இசைக்குப் பொறுப்பாளர். இந்திய வாத்தியக்காரர்களுக்கு மேனாட்டு இசைக்குறிப்பைப் படிக்கக் கற்பித்து, இருவகைக் கருவிகளும் சேர்ந்த குழு ஒன்றை உருவாக்கினார். ஹார்மோனியத்தைக் கண்டித்து 1938-இல் வானொலிப் பத்திரிகையில் எழுதியவரும் இவரே. ஹார்மோனியம் 1940-இல் வானொலியிலிருந்து விலக்கப்பட்டதை மூத்தவர்கள் அறிவர். கமகத்தின் அருமை ஓர் ஆங்கிலேயருக்குத் தெரிந்திருந்தது என்பதை நம் வித்துவான்களிடம் சொன்னால் சிலர் நம்பமாட்டார்கள்!

1939 ஏப்ரலில் கல்கத்தா நிலையத்துக்கு மாற்றலாகிப் போனார். அங்கே சில நாட்களிலேயே காலரா கண்டு இறந்தார். கிழக்கையும் மேற்கையும் இணைத்து அவர் எழுதிய சிம்பொனி தொலைந்துபோயிற்று. 1935-ஆம் ஆண்டைச் சேர்ந்த நாற்கருவி உருப்படி ஒன்றில் நிதானமான ஒரே ஒரு பகுதிதான் எஞ்சியது. அப்பகுதியையும், 1930-களின் தொடக்கத்தில் எழுதிய 'குவார்ட்டெட்டோ இன்டிமோ' என்ற முழு உருப்படியையும் எண்டெல்லியன் குழுவினர் 1980-களின் தொடக்கத்தில் இசைத்தட்டில் வாசித்தனர். அவர் இறந்து நாற்பதாண்டுகள் ஆகியிருந்தன. எஞ்சிய அந்த ஒரு பகுதியை நான் முதன்முறை கேட்டபோது, மற்றப் பகுதிகள் எப்படி இருந்திருக்கும் என்ற எண்ணமே பல நாள் மனத்தை விட்டு அகலவில்லை.

இத்தகைய இசைக்கு ஏன் இத்தனை தாமதம் என்று கேட்கலாம். பழைய 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிஷம்தான் ஓடும். நான்கு பேர் அரை மணி வாசிக்கும் உருப்படிக்கு நான்கு தட்டுகள் வேண்டும். பெயர் தெரியாத ஒருவருக்காக எந்தக் கம்பெனி அவ்வளவு பணம் போடும்? 1924-இல் காம்ப்டன் மக்கென்ஸி என்ற நாவலாசிரியர் சந்தா திரட்டிச் சிற்றரங்க இசையைத் தட்டாக்க ஒரு சங்கமே நிறுவ வேண்டியிருந்தது. நீண்ட நேரம் ஓடும் தட்டுகள் வந்த பிறகு, 1959-இல் ரிச்சர்டு இட்டர் என்ற செல்வர் 'லிரிட்டா' என்னும் பெயரில், மறந்துபோன பிரிட்டிஷ் இசைக்கென்றே தட்டுகள் வெளியிடலானார். வானொலியில் ஒலிபரப்பான கச்சேரிகளை வீட்டிலிருந்தே பதிவு செய்து சேர்த்துவைத்தவரும் அவர்தாம். அப்பதிவுகளும் பிற்காலத்தில் வெளிவந்தன.

வானொலி மீட்டுத் தந்த இன்னொருவர் ரெபெக்கா கிளார்க். 1886-இல் பிறந்த இவ்வம்மையார் வயோலா வாசிப்பதில் வல்லவர். 1919-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு போட்டிக்கு வயோலா ஸொனாட்டா ஒன்றை அனுப்பினார். இயற்றியவர் பெயரை நடுவர்களுக்குக் காட்டவில்லை. இரண்டு உருப்படிகளுக்குச் சமமான வாக்கு விழவே, போட்டியை நடத்திய சீமாட்டி தம் வாக்கினால் எர்னஸ்ட் பிளாக்குக்குப் பரிசளித்தார். மற்றொன்றை எழுதியவர் ஒரு பெண் என்று தெரிந்ததும் வியப்பு. அது புனைபெயராக இருக்குமோ என்ற ஐயமும் எழுந்தது! அதன்பின் அருமையான பியானோ ட்ரையோ ஒன்றை 1921-இல் எழுதினார். நாளடைவில் எழுதுவது குறைந்து, அவர் பெயரும் மறைந்தது. 1976-இல் நியூயார்க் வானொலிக்காரர் ஒருவர், பியானோ மேதை மைரா ஹெஸ்ஸைப் பற்றிக் கேட்கத்தான் கிளார்க்கிடம் போனார். போன இடத்தில் தொண்ணூறு வயது மூதாட்டியே ஓர் இசையாசிரியர் என்பது தெரிந்தது. மூன்று ஆண்டுகளில் அவர் மறைந்தார். ஆயினும் தம் இசை மீண்டும் ஒலிப்பதைக் கேட்டுவிட்டே போனார்.

பாண்டு இசையின் கதை வேறு. வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் ஓய்வு நேரத்தில் பித்தளை வாத்தியங்களைப் பயின்று போட்டியிடுவார்கள். ஆயினும் நெடுங்காலம் அவர்கள் வாசித்தவை பெரும்பாலும் ஓபராக்களிலிருந்து திரட்டியவையே. 1913-இல் பெர்சி ஃப்ளெட்சர் என்ற நாடக அரங்க இசைஞர், தேசியப் போட்டிக்காக 'உழைப்பும் அன்பும்' என்ற புது உருப்படியை எழுதினார். அதன் பின்னரே ஹோல்ஸ்ட், எல்கர் போன்றோரும் அவர்களுக்கு எழுத முன்வந்தனர். ராணுவ பாண்டு வகையில் கார்டன் ஜேக்கப்பைச் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் சிறைப்பட்டு, கைதிகள் முகாமிலேயே வாத்தியக்குழு அமைத்தவர். பழைய வில்லியம் பைர்டின் இசையை பாண்டுக்கு ஏற்ப அவர் 1923-இல் அமைத்ததை, அமெரிக்காவில் ஃபென்னல் நடத்திய ஈஸ்ட்மன் குழு இசைத்தட்டில் பதிந்தது. கல்யாண ஊர்வல பாண்டு ஒன்றையே கேட்டுப் பழகிய காதுக்கு இது விருந்து.

இவையெல்லாம் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. முதலில் கிளார்க்கின் ஸொனாட்டாவைக் கேளுங்கள். தொடக்கமே நிமிர்ந்து உட்காரவைக்கும். அடுத்து ஜேக்கப். ஃபவுல்ட்ஸின் அந்த ஒற்றைப் பகுதியை இரவில், வீடு அடங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியையும் சற்று நிறுத்திவிடுவது நல்லது.