பெயரில்லாத முகங்கள்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



பழைய நிழற்படங்களும் பழம்பொருள்களும் சென்னை மாநகரின் கடந்த காலத்தைப் பற்றிக் கூறுவன யாவை என்பதை எடுத்துரைக்குமாறு கழகத்தார் பணித்தனர். நாம் வரலாற்று அறிஞர் அல்லோம். சிறுவயதில் மூர் மார்க்கெட்டின் கடைகளில் பழைய நாணயமும் அஞ்சலட்டையும் தேடி அலைந்த பழக்கமே நமக்குரிய தகுதி. 1900ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அவ்வங்காடி 1985ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. அங்கு வாங்கிய சில பொருள்கள் மட்டும் இன்றும் நம்மிடம் உள்ளன.

முதலில் கடற்கரைப் படம் ஒன்றைக் காண்போம். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகளே கரை சேர்த்தன. அப்படகில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பர். பேரலை மோதுங்கால் ஆணி அறைந்த படகு பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். துறைமுகப் பணி தொடங்கிய பின்னரும் 1881ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தது. படத்தின் அடியில் ‘மசூலாப் படகு, மதராஸ்’ என்று அச்சிட்டுள்ளனர். படகிற்குப் பெயர் உண்டு. உயிரைப் பணயம் வைத்துத் துடுப்புப் பிடித்தவர்க்குப் பெயர் இல்லை.

வெள்ளையர் இல்லங்களில் எடுத்த படங்களிலும் இதே நிலைதான். மடியில் குழந்தையை ஏந்தி அமர்ந்திருப்பாள் ஒரு பெண். நம் பாட்டிமார் பலர் அவ்வேலை பார்த்தவர்களே. குழந்தையின் பெயரை எழுதியிருப்பர். அவளுக்கு ‘ஆயா’ என்பதே பெயர்.

ஆயினும் நம் முன்னோர் வாய்மூடி இருந்தாரல்லர். இதோ, நம் கையிலுள்ளது ஏழாம் எட்வர்டு மன்னரின் தலை பொறித்த காலணா. பைசா எனவும் வழங்கப்பெற்ற இக்காசு ரூபாய்க்கு 64. அம்மன்னர் காலத்தில்தான், 1907ஆம் ஆண்டில், அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அதற்கு முன்னரே, 1893ஆம் ஆண்டில், இரட்டைமலை சீனிவாசனார் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கியிருந்தார். பிறர் இழிவெனக் கூறிய பெயரையே தலைப்பாக அச்சிட்ட துணிவை எண்ணிப் பாருங்கள்! இவ்விருவர்க்கும் முறையே 2005, 2000ஆம் ஆண்டுகளில் இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டது. அஞ்சல் தலை சேர்க்கும் மாணவர்கள் அவ்விரண்டையும் தேடிப் பெறுதல் வேண்டும்.

இனி, நம் குறை ஒன்றையும் மறைக்காது கூறுவோம். சில ஆண்டுகட்கு முன் நம் பள்ளியில் குழுப்படம் எடுத்தோம். ஆசிரியர், மாணவர் பெயர்களை வரிசைப்படி நாமே எழுதிக் கொடுத்தோம். படம் சட்டமிடப்பெற்றுச் சுவரேறிற்று. ஒரு நாள் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதன்முன் நின்று, “ஐயா, ஓரத்துல நிக்கிறது எங்க பாட்டி. அவங்க பேரு மட்டும் ஏன் இல்ல?” என்று வினவினாள். நாள்தோறும் நமக்கு முன் வந்து பள்ளியைப் பெருக்கிய அம்மையார் அவர். வெள்ளையர் செய்ததை நாமும் செய்திருந்தோம்! விடை கூற நாவெழவில்லை. அன்றே படத்தை இறக்கி, அம்மாணவியைக் கொண்டே அவர் பெயரை எழுதச் செய்து மீண்டும் மாட்டினோம்.

ஆகவே, இவ்வெள்ளி விழா ஆண்டில் ஒன்று செய்வோம். உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் சட்டங்களிலும் உள்ள பழைய படங்களை எடுங்கள். முதியோர் அருகில் அமர்ந்து, யார், எவ்வூர், எவ்வேலை, எவ்வாண்டு எனக் கேளுங்கள். படத்தின் பின்புறத்தில் மென்மையாகப் பென்சிலால் எழுதுங்கள். மைப்பேனா முன்பக்கம் ஊறிக் கறைப்படுத்தும். பசை தடவி ஒட்டாதீர்கள். கைப்பேசியில் படி எடுத்துக் கழகத்திற்குத் தாருங்கள். மூலப்படம் உங்கள் இல்லத்திலேயே இருக்கட்டும்.

படம் நூறாண்டு நிற்கும். முகத்தை அடையாளம் காட்டும் முதியவர் அவ்வளவு காலம் இரார். இன்று மாலையே கேளுங்கள்.