கணித வகுப்பும் தேர்வும்: ஏட்டைத் திருத்தும் கடமை

(பெங்களூர் ஆஸ்டின் டவுனில் கல்லூரி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



தமிழும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிகளில், குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர்கள் இன்றும் உள்ளனர். அத்தகைய மாணவர் ஒருவர் பட்ட வகுப்பில் கணிதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, ஐயம் எழுந்தால் கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை. தனிப்பயிற்சிக்குக் கட்டணம் செலுத்தவும் வசதி இல்லை. தாய்மொழியில் பயின்று வந்தவராயின், அதே கணக்கு இங்கே ஆங்கில உடையில் எதிர்ப்படுகிறது. அவருக்குள்ள ஒரே துணை வகுப்பறைதான். அந்த வகுப்பறை அவரிடம் எதை எதிர்பார்க்கிறது, அவருடைய உழைப்பை எப்போது மதிப்பிடுகிறது என்பன கல்லூரிகளின் உள்விவகாரங்கள் அல்ல. நாட்டின் மனித வளத்தைப் பற்றிய கேள்விகளாகும்.

பழைய நோய்

1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பட்டன. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அவற்றின் முதற்பணியாக இருந்தது. கற்பித்தல் கல்லூரிகளின் பொறுப்பாயிற்று. கற்பிப்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் வேறொருவர் என்ற பிரிவினை அன்றே வேரூன்றியது.

இதன் தீமையை நாடு அறியாமல் இல்லை. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948-49) தேர்வுச் சீர்திருத்தத்தையே தலையாய சீர்திருத்தமாகக் கருதியது. ஒவ்வொரு பாடத்திலும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை வகுப்புப் பணிக்கு ஒதுக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. கோத்தாரி கல்விக் குழு (1964-66) அக மதிப்பீட்டை வலியுறுத்தியது. பல்கலைக்கழக மானியக் குழு 1973-இல் தேர்வுச் சீர்திருத்தத்துக்கெனச் செயல் திட்டம் ஒன்றையே வெளியிட்டது.

கருநாடகத்தில் 2021-22 கல்வியாண்டில் புதிய கல்விக் கொள்கை நடைமுறைக்கு வந்தபோது, பருவத் தேர்வுக்கு 60, அக மதிப்பீட்டுக்கு 40 என்ற விகிதம் ஏற்பட்டது. 2024-25 முதல் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு மீண்டும் வந்தபோது இவ்விகிதம் 80-க்கு 20 என மாறியது. விகிதம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆயினும் அந்த இருபதோ நாற்பதோ எதற்காக வழங்கப்படுகிறது என்ற அடிப்படைக் கேள்விக்கு விகிதத்தில் விடை இல்லை.

கணிதத்தின் தனித்தன்மை

ஏனைய பாடங்களைக் காட்டிலும் கணிதத்தில் இக்கேள்வி கூர்மையானது. ஒரு படி புரியாவிடில் அடுத்த படியும் புரியாது. எடுத்துக்காட்டாக, ரோலின் தேற்றத்தின் நிரூபணத்தை வரி பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவர் உண்டு. அவரிடம், -1 முதல் 1 வரையுள்ள இடைவெளியில் எண்ணின் மட்டு மதிப்பைத் தரும் சார்பைக் காட்டி, "இரு முனைகளிலும் மதிப்பு சமமாக இருந்தும், வகைக்கெழு எங்கும் சுழியாகவில்லையே, ஏன்?" என்று கேட்டால் பலர் திகைப்பர். சுழிப் புள்ளியில் அச்சார்பு வகையிடத்தக்கதன்று. எனவே தேற்றத்தின் நிபந்தனை அங்கே நிறைவேறவில்லை. மூன்று மணி நேரத் தேர்வு முதல் திறமையை எளிதில் அளந்துவிடுகிறது. இரண்டாவது திறமை வாரந்தோறும் கணக்குப் போட்டு, பிழை செய்து, அப்பிழையைப் பிறர் சுட்டிக்காட்டத் திருத்திக்கொள்வதால் மட்டுமே வளர்கிறது.

தேர்வுக்கென்றே பயிற்றுவிக்கும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் முன்னணித் தரம் பெற, மாணவர்கள் கட்டணம் செலுத்தித் தனிப்பயிற்சியாளர்களை நாடினர். அங்கே தர வரிசையை வெளியிடும் வழக்கம் 1909-ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டது.

ஓர் ஏடும் ஓர் அலுவலரும்

தேர்வு முறையைக் குறை கூறுவோர் சீனிவாச இராமானுஜனைச் சுட்டுவது வழக்கம். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த அவர், கணிதம் தவிர ஏனைய பாடங்களில் தவறி அத்தொகையை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. இவ்வரலாற்றிலிருந்து தேர்வே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவது பொருந்தாது. கவனிக்க வேண்டியது அதன் பிற்பகுதியாகும்.

இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர் வருவாய்த் துறையில் துணை ஆட்சியராகப் பணியாற்றியவர். திருக்கோவிலூரில் எழுத்தர் வேலை கேட்டு வந்த இராமானுஜனின் குறிப்பேட்டை அவர் புரட்டிப் பார்த்தார். வேலை தராமல், சென்னையிலிருந்த கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் தந்து அனுப்பினார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. மதிப்பெண் பட்டியல் காட்டாததை ஏடு காட்டிற்று. ஆனால் அதைப் படிக்க ஒருவர் இருந்தார். அக மதிப்பீட்டின் உட்பொருள் இதுவே.

நடைமுறைக் கணக்கு

அறுபது மாணவர் கொண்ட வகுப்பில் ஆசிரியர் அத்தனை ஏடுகளையும் எப்படிப் படிப்பார் என்ற வினா நியாயமானது. வாரம் ஐந்து கணக்குகள், ஒவ்வொன்றையும் திருத்த இரண்டு நிமிடம் என்றால் பத்து மணி நேரம் ஆகும். இது இயலாத சுமை. ஆனால் ஐந்தையும் மாணவர் செய்ய வேண்டும், அவற்றுள் ஒன்று மட்டும் குலுக்கல் முறையில் தேர்ந்து திருத்தப்படும் என்று வைத்தால், இரண்டு மணி நேரம் போதும். எது தேர்ந்தெடுக்கப்படும் என்று முன்னதாகத் தெரியாததால் ஐந்தையும் செய்யும் தூண்டுதல் குறையாது. எஞ்சிய நான்குக்கும் விடை விளக்கத்தைப் பலகையில் இட்டுவிடலாம்.

இத்துடன் சில ஒழுங்குகளும் தேவை. எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது பருவத்தின் முதல் வாரத்திலேயே எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். விடை தவறினும் சரியான படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்பது மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருத்திய தாள் அடுத்த வாரமே அவர் கைக்குத் திரும்ப வேண்டும். பருவ இறுதியில் திரும்பும் தாள் கற்பிப்பதில்லை, தீர்ப்பு மட்டுமே கூறுகிறது.

அக மதிப்பீட்டில் ஆபத்தும் உண்டு. எல்லோருக்கும் இருபதுக்குப் பதினெட்டு என வாரி வழங்கினால், அது உழைத்தவருக்கு இழைக்கும் அநீதியாகும். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பாகுபாடும் நுழையக்கூடும். எனவே அக மதிப்பெண்ணையும் பருவத் தேர்வு மதிப்பெண்ணையும் ஆண்டுதோறும் ஒப்பிட்டு, பெரும் இடைவெளி காணும் இடங்களில் விளக்கம் கேட்பது நிர்வாகத்தின் கடமை. தேர்வு ஒரு காவல். வகுப்புப் பணி ஒரு பயிற்சி. ஒன்றின் இடத்தை மற்றொன்று நிரப்ப இயலாது.

தவறிய ஒவ்வொரு தாளும் ஒரு குடும்பத்தின் வருவாயை ஓராண்டு தள்ளிவைக்கலாம். சிலருக்குப் படிப்பையே முடித்துவிடலாம். பருவத்தின் மூன்றாம் வாரத்தில் சுட்டிக்காட்டப்படும் பிழைக்கு ஒரு சிவப்புக் கோடுதான் செலவு. அதே பிழை இறுதித் தேர்வில் வெளிப்படும்போது அதன் விலையை மாணவர் மட்டுமின்றி நாடும் செலுத்துகிறது. அந்தச் சிவப்புக் கோட்டை உரிய காலத்தில் இடுவதற்கு ஆசிரியருக்கு நேரத்தையும், மாணவருக்கு நம்பிக்கையையும் அளிக்கும் ஏற்பாடே சிறந்த தேர்வுச் சீர்திருத்தமாகும்.