காத்துதானே என்று விட்டுவிடாதீர்கள்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)

கடன், வசூல் பற்றிக் கேட்க நாங்கள் இன்று வரவில்லை. கம்ப்ரசரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

நம் உறுப்பினர்கள் பலர் திருப்பூர் பக்கம் பனியன் வேலைக்குப் போகிறீர்கள். சில குழுக்கள் கடன் வாங்கிச் சொந்தமாகவே தையல் யூனிட் போட்டிருக்கிறீர்கள். மெஷினில் சேரும் பஞ்சை ஏர் கன்னால் ஊதித் தள்ளுகிறோம். வேலை முடிந்ததும் சேலையில், தலைமுடியில் ஒட்டிய பஞ்சையும் அதே ஏர் கன்னால்தான் ஊதுகிறோம். ஒரு யூனிட்டுக்கு நாங்கள் போனபோது ஒரு அக்கா பாசமாக எங்கள் முதுகிலேயே ஊத வந்தார். வேண்டாம் என்றதும், "காத்துதானுங்க, என்ன பண்ணீரப் போகுது?" என்றார்.

கார் டயரில் இருப்பது சுமார் 30 பவுண்டு காற்று. கம்ப்ரசர் டேங்கில் 100 பவுண்டு, அதற்கு மேலும் இருக்கும். அந்த வேகத்தில் வரும் காற்று சின்னக் காயம் வழியாகவும் தோலுக்குள் போய்விடும். காதில் பட்டால் ஜவ்வு கிழியும். பஞ்சும் தூசியும் பறந்து கண்ணுக்குள் போகும், மூச்சிலும் ஏறும். அதனால் சேலைக்குப் பிரஷ் போதும்.

இதைச் சொல்ல எங்களுக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. விளையாட்டுக்கென்று கூட வேலை செய்பவரின் ஆசனவாயில் ஏர் ஓஸை வைத்து அழுத்தி, குடல் கிழிந்து செத்துப்போன தொழிலாளர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். உடுத்திய துணிக்கு மேலே வைத்தாலும் காற்று உள்ளே போகும். வேலைக்குப் போகும் பையன்களிடம் இதை உடைத்துச் சொல்லிவிடுங்கள். "பையன்கிட்ட அம்மா எப்படிங்க இதைப் பேசறது?" என்று ஒரு குழுவில் கேட்டார்கள். பேசித்தான் ஆகணும்.

இன்னொரு குழு பழைய கம்ப்ரசர் வாங்கியிருந்தது. அடிக்கடி புஸ்ஸென்று சத்தம் வருகிறதென்று முன்பு வைத்திருந்தவர் சேஃப்டி வால்வை ஆணி வைத்து அடைத்திருந்தார்! அழுத்தம் அளவு மீறினால் காற்றை வெளியே விடுவதற்கே அந்த வால்வு. அதை அடைத்தால் டேங்கே வெடிக்கும். அன்றே கம்ப்ரசரை நிறுத்தி, மெக்கானிக்கை வரவழைத்து வால்வை மாற்றச் சொன்னோம்.

டேங்கின் அடியில் உள்ள திருகைத் தினமும் திறந்து தண்ணீரை வெளியே விடுங்கள். தண்ணீர் தங்கினால் உள்ளே துருப்பிடித்துத் தகடு மெலியும். வெளியே பெயிண்ட் பளபளவென்றுதான் இருக்கும். பெல்ட்டுக்கு மூடி இல்லாத கம்ப்ரசர் பக்கம் முந்தானையோடு போகாதீர்கள். ஓஸைக் கழற்றும் முன் காற்றை அடைத்து, ஓஸில் மிச்சமிருப்பதையும் வெளியே விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பாம்பு மாதிரி துள்ளி அடிக்கும்.

காற்று பட்ட இடம் வீங்கினாலோ, அழுத்தினால் நறநறவென்று இருந்தாலோ, வயிறு உப்பி வலித்தாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கம்பெனிக்குக் கெட்ட பேரு வந்துருமேன்னு "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். கம்ப்ரசர் காற்று என்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

யூனிட் வைத்திருக்கும் குழுக்கள் நாளைக்கே வால்வைப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் முதலில் அதைத்தான் கேட்போம்.