வீடு எங்கே நிற்கிறது?

 

பெருநகரக் குடியிருப்பு ஏற்றத்தாழ்வைப் பற்றிய கருத்தரங்குக்காகப் புதுக்கோட்டைக்கு ஏன் வர வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். இந்த ஊர் மாநகராட்சியானதே 2024-ல்தான். ஆனால் நகரம் எப்படிப் பிரிகிறது என்பதற்கான பாடம் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது.

2022 டிசம்பரில் வேங்கைவயலில், பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கான குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகே தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். விசாரிக்கச் சென்ற ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அங்குள்ள இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை முறை இருப்பதை அறிந்தார்கள்; அதுவரை அனுமதிக்கப்படாத மக்களை அய்யனார் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவரைக் குற்றம்சாட்டியது. அங்குள்ள மக்கள் அதை ஏற்கவில்லை. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நம் முன் இருப்பது அதற்கும் முந்தைய கேள்வி: குடியிருப்பு பிரிந்தே இருக்கும்போது தண்ணீரும் கோயிலும் டீக்குவளையும் எப்படிப் பொதுவாகும்?

கிராமத்தில் இந்தப் பிரிவினைக் கோட்டை வழக்கம் போட்டது. சென்னையில் அரசின் திட்டமே போட்டது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டுவதே பெரும்பாலும் நடைமுறையாக இருந்தது. பிழைப்பும் பள்ளியும் கைவிட்டுப் போகவில்லை. பின்னாளில் நிலத்தின் விலை ஏற, மக்கள் நகரின் தென்கோடிக்கு அனுப்பப்பட்டார்கள். 2000 முதல் அங்குள்ள கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. தொடக்கக் கால வீடுகள் பல 200 சதுர அடியைக்கூட எட்டவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரையோரக் குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களுக்கு மாற்றப்பட்டன. வீட்டு வேலைக்குப் போன பெண்களின் வேலையைப் பேருந்துப் பயண நேரமே பறித்தது. வேலைக்கு மனுப் போடும் இளைஞர்கள் 'கண்ணகி நகர்' என்று முகவரி எழுதத் தயங்குகிறார்கள். அரசுக் கணக்கில் இவர்கள் எல்லோரும் வீடு பெற்றவர்கள்.

பணம் இருந்தால் இந்தக் கோட்டைத் தாண்டிவிடலாமா? வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள். சம்பளம், குழந்தைகள் என்று விசாரித்துக்கொண்டே வரும் வீட்டுக்காரர் கடைசியில், "நீங்க என்ன ஆளுங்க?" என்பார். பதில் பிடிக்காவிட்டால், "சொந்தக்காரங்க வர்றதா இருக்காங்க" என்று கதவு சாத்தப்படும். இந்த மறுப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

மாற்று முயற்சியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1997-ல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரத் திட்டம், 100 வீடுகளில் 40-ஐப் பட்டியல் சாதியினருக்கும் மீதியைப் பிற பிரிவினருக்கும் கலந்து ஒதுக்கியது. யார் பக்கத்தில் யார் குடியிருப்பது என்பதை அரசு தீர்மானிக்க முடியும் என்று அது காட்டியது. ஆனால் புதிய குடியிருப்பு ஒன்றைக் கட்டியதே தவிர, பழைய ஊரின் எல்லையை அது தொடவில்லை.

கட்டுரை வாசிக்கவிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை வீடு கட்டினார்கள் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்த வீடு எங்கே நிற்கிறது, எந்தத் தொட்டியிலிருந்து அதற்குத் தண்ணீர் வருகிறது, பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம், அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். புதுக்கோட்டை இனிமேல்தான் விரியப்போகிறது. மனைப்பிரிவு வரைபடங்கள் ஒப்புதல் பெறும் முன்பே இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்தால், சென்னை செய்த தவறை இந்த ஊர் செய்யாமல் இருக்கலாம். அதற்கு உதவும் தரவுகளை உங்கள் அமர்வுகள் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.